வைத்தியரும் உதவி வைத்தியரும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களிலே, பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனை ஆகிய ஊர்களில் உயிரியற் பிரிவிற் பயின்ற பிள்ளைகளின் வீடுகளில் ஒரு வினா எழுவது வழக்கமாகிவிட்டது. மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி உண்டு. ஆயினும் மருத்துவ பீடத்துக்கு வேண்டிய புள்ளி சிறிது குறைந்துவிட்டது. இன்னும் ஓராண்டு வீட்டிலிருந்து படித்து மறுபடியும் பரீட்சைக்குத் தோற்றுவதா? அல்லது, சென்னையிலே நான்கே ஆண்டுகளில் முடிந்துவிடும் 'பிசிஷன் அசிஸ்டன்ட்' என்னும் படிப்பிற் சேர்ந்துவிடுவதா? லண்டனில் இருக்கும் சித்தப்பா தொலைபேசியில் அழைத்து, "அதுவும் டாக்டர் மாதிரித்தான்" என்கின்றார். காணியை ஈடு வைத்தாவது பிள்ளையை அனுப்பிவிடலாம் என்று தகப்பனார் எண்ணத் தொடங்குகின்றார்.

'டாக்டர் மாதிரித்தான்' என்னும் அந்தச் சொற்றொடருக்குள்ளேதான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கின்றது. எந்த வகையில் மாதிரி, எந்த வகையில் வேறு என்பதைத் தெளிந்துகொள்ளாமல் ஒரு காணியை ஈடு வைப்பது பெரிய துணிச்சல்.

வைத்தியன் ஒருவனால் மாத்திரம் வைத்தியம் நடைபெறுவதில்லை என்பது தமிழர் பழங்காலந்தொட்டே அறிந்த உண்மை. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, வைத்தியன், மருந்து, மருந்தைப் பிழையின்றிக் கொடுத்து அருகிருப்பவன் என்று மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கின்றது. அந்த நான்காமவனுக்கு வள்ளுவர் தனியிடம் கொடுத்தார். ஆனால் அவனையும் வைத்தியனையும் ஒருவனாக்கவில்லை. இருவருக்கும் இடையேயுள்ள எல்லை எங்கே கிடக்கின்றது என்பதே இன்றைய மாணவன் கேட்கவேண்டிய கேள்வி.

சென்னைப் படிப்பைப்பற்றிச் சிந்திக்கு முன்னர், இதே கேள்விக்கு இலங்கை நாடு நூறாண்டுக்கு மேலாக ஒரு விடையை நடைமுறையில் வைத்திருந்தது என்பதை நினைவுகூர்தல் நன்று. கொழும்பில் 1870ஆம் ஆண்டு ஆனித் திங்களில், இருபத்தைந்து மாணவரோடு மருத்துவப் பாடசாலை தொடங்கப்பெற்றது. டாக்டர் ஜேம்ஸ் லூஸ் அதன் முதல் அதிபர். முழுமையான வைத்தியர் ஒருபுறம் உருவாக, குறுகிய காலப் பயிற்சி பெற்று ஊர்ப்புறங்களுக்குச் செல்லும் இன்னொரு வகுப்பாரும் உருவாயினர். அவர்களே அப்போதிக்கரிமார். பிற்காலத்தில் உதவி வைத்திய அதிகாரி என்றும், நெடுங்காலச் சேவையின் பின் பதிவு செய்யப்பட்ட வைத்திய அதிகாரி என்றும் அவர்கள் பெயர் மாறிற்று. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம், வைத்தியருக்கு ஒரு பதிவேடும் உதவி வைத்தியருக்கு வேறொரு பதிவேடுமாக வகுத்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே பணிபுரிந்த தோட்ட அப்போதிக்கரிமாருக்கும் அதே சட்டத்தில் இடமுண்டு.

வடக்கே இதற்கும் முந்திய முயற்சி ஒன்று நடந்திருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். உடற்கூறு, சத்திரவைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்து, 1860களில் தமிழிலேயே பாடம் நடத்தினார். ஆங்கிலத்திற் கற்றவன் உத்தியோகம் தேடிப் பட்டினத்துக்குப் போய்விடுகின்றான். தமிழிற் கற்றவன் ஊரிலே தங்குவான் என்பது அவர் கண்ட காரணம். அவர் 1873இல் நாடு திரும்பினார். படித்தவர் ஊரில் தங்குவதில்லை என்ற அந்தக் கவலை மாத்திரம் திரும்பிப் போகவில்லை.

கிழக்கு மாகாணத்தில் அப்போதிக்கரிக்கு இருந்த மதிப்பை விளங்கிக்கொள்ள, இந்த நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பது. அதன் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. பெரிய ஆஸ்பத்திரியும் கச்சேரியும் றெயில் நிலையமும் ஒரு பக்கம். வயலும் காடும் மறுபக்கம். 'பாதை' என்று மட்டக்களப்பார் அழைக்கும் மிதவையில் ஏறித்தான் பல இடங்களில் அக்கரை சேரவேண்டும். மண்முனையில் பாலம் திறக்கப்பட்டதே 2014இல் தான். வாழைச்சேனைக்கு வடக்கே வாகரைப் பக்கத்திலும் ஆறும் களப்பும் குறுக்கிடுவதற்குக் குறைவில்லை. மாரி காலத்தில் இரவு வேளையில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை, அல்லது வயலிற் பாம்பு தீண்டிய உழவனை, இவற்றையெல்லாம் தாண்டி நகரத்துக்குக் கொண்டுபோவது எத்தகைய காரியம் என்பது அங்கு வாழ்ந்தோருக்கே தெரியும்.

இத்தகைய இடங்களில் மத்திய மருந்தகத்திலும் கிராமிய வைத்தியசாலையிலும் தனியாக அமர்ந்திருந்தவர் அப்போதிக்கரியே. அவருக்கு மேலதிகாரி உண்டு. ஆனால் அவர் மாவட்டத் தலைநகரிலிருந்தார். கூட நின்றவர்கள் ஒரு மருத்துவமாதுவும், மருந்து கலப்பவரும், ஒரு சிற்றூழியரும். காலையில் வெளிநோயாளரைப் பார்த்து, காயத்துக்குத் தையலிட்டு, பிரசவம் சிக்கலானால் முடிந்ததைச் செய்து, முடியாததை அனுப்பிவைத்து, மாலையில் வீட்டு வாசலில் வந்து நிற்பவரையும் அவர் பார்த்தார். ஊரார் அவரை 'டாக்டர் ஐயா' என்றே அழைத்தனர். பட்டப்படிப்பின் பாதியளவான காலமே அவர் படித்திருந்தார் என்பது ஊராருக்குத் தெரியாது. தெரிந்தவரும் அதனைப் பொருட்படுத்தியதில்லை. போர் நடந்த ஆண்டுகளில், வைத்தியர் வர அஞ்சிய வடக்கு, கிழக்குச் சிற்றூர்கள் பலவற்றிலே ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருந்தமைக்கு இந்த வகுப்பாரே பெரிதும் காரணமாயினர். இவர்களுக்கு உரிய நன்றி இன்னும் எழுத்தில் இடம்பெறவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஆயினும் இவ்வேற்பாட்டின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பெயரில் உதவியாளர், பொறுப்பில் வைத்தியர். முழு வைத்தியனின் சுமையைச் சுமந்தவருக்கு அவனுடைய சம்பளமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை, மேற்படிப்புக்கு வழியும் இல்லை. நகரத்து நோயாளிக்குப் பட்டம் பெற்ற வைத்தியர், கிராமத்து நோயாளிக்கு அரைப் பயிற்சி பெற்றவர் என்பது எவ்வாறு நியாயமாகும் என்ற வினாவும் எழுந்தது. இந்தியாவிலும் இதே வாதம் நிகழ்ந்திருக்கின்றது. 'எல்.எம்.பி. டாக்டர்' என்று தமிழ்நாட்டார் அறிந்த உரிமச் சான்று வைத்தியர்கள் அங்கு பெருந்தொகையினராக இருந்தனர். 1946இல் அறிக்கை வெளியிட்ட போர் கமிட்டி கணக்கிட்டபோது, பதிவு பெற்றிருந்த 47,524 வைத்தியரில் 29,870 பேர் அவ்வகையினர். இனி அந்தப் படிப்பு வேண்டாம், ஒரே தரமான வைத்தியரே வேண்டும் என்று கமிட்டி கூறியது. உறுப்பினர் சிலர் இதற்கு உடன்படவில்லை. கிராமங்களுக்கு யார் போவார் என்று கேட்டனர். அவர்களுடைய கேள்விக்கு இன்றும் முழுமையான விடை கிடைத்தபாடில்லை.

இலங்கையில் உதவி வைத்திய அதிகாரிப் பயிற்சிக்கு ஆட்சேர்ப்பது 1990களில் நின்றுபோயிற்று. முன்னரே பயிற்சி பெற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெற்றுவருகின்றனர். பழைய அப்போதிக்கரியின் கதிரையில் இன்று பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற இளம் வைத்தியர் அமர்கின்றார். சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுப் போய்விடுகின்றார். அடுத்தவர் வரும்வரை கதிரை வெறுமையாகக் கிடப்பதும் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர் பலர் நாட்டை விட்டே சென்றதனால் இந்நிலை இன்னும் கடினமாயிற்று.

இந்த வரலாற்றை அறிந்த பின், சென்னையிலே கற்பிக்கப்படும் பிசிஷன் அசிஸ்டன்ட் என்பவர் பழைய அப்போதிக்கரியின் வாரிசு அல்லர் என்பது எளிதில் விளங்கும். அந்தத் தொழில் அமெரிக்காவிற் பிறந்தது. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்னும் பேராசிரியர், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பியிருந்த நால்வரைக்கொண்டு பயிற்சியைத் தொடங்கினார். 1967இல் மூவர் பயிற்சி முடித்து வெளியேறினர். இன்று அந்நாட்டில் பட்டப்படிப்பொன்றை முடித்த பின்னரே இதற்குச் செல்லலாம். பயிற்சி இரண்டாண்டுக்கு மேல். மருந்து எழுதும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இந்தியாவில் 1992ஆம் ஆண்டு, சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் ஆஸ்பத்திரியில், இதய சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் இப்பயிற்சியை ஆரம்பித்தார். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுதல், இதய சத்திரசிகிச்சைக்குக் காலிலிருந்து இரத்தக்குழாயை எடுத்துக் கொடுத்தல், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் கண்காணித்தல், வீடு செல்வோருக்குக் குறிப்பு எழுதுதல் முதலியன இவர்கள் செய்யும் பணிகள். நிபுணர் ஒருவரின் கைக்கு இன்னொரு கை என்று சொல்லலாம். மூன்றாண்டு படிப்பும் ஓராண்டு பயிற்சியுமாக இது ஒரு பி.எஸ்ஸி. பட்டம். 2021ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரத் துணைத்தொழிலாளர் சட்டத்திலும் இத்தொழிலுக்கு இடம் கொடுக்கப்பட்டிருக்கின்றது. ஆகவே இதனை ஏமாற்றுப் படிப்பென்று இகழ்வது தவறு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலே, நிபுணர் அருகிலிருக்க, இது நேர்த்தியான தொழில்.

பெயரைப் பற்றிய சச்சரவு ஒன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. 'அசிஸ்டன்ட்' என்ற சொல் தாழ்வாகத் தோன்றுகின்றதென்று அமெரிக்கச் சங்கத்தார் 2021இல் 'அசோசியேட்' என்று பெயர் மாற்றத் தீர்மானித்தனர். பிரித்தானியாவிலோ நெடுநாள் 'அசோசியேட்' என்றே வழங்கியதை, நோயாளிகள் வைத்தியரென்று மயங்குகின்றனர் என்ற காரணத்தால் மீண்டும் 'அசிஸ்டன்ட்' ஆக்கவேண்டுமென்று, 2025ஆம் ஆண்டு ஆடியில் பேராசிரியர் ஜிலியன் லெங் அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கை பரிந்துரைத்தது. இன்ன நோயென்று இன்னும் தீர்மானிக்கப்படாத நோயாளியை, வரையறுத்த நெறிமுறைகளுக்கு உட்பட்டாலன்றி அவர்கள் பார்த்தலாகாது என்றும் அவ்வறிக்கை கூறிற்று. லண்டன் சித்தப்பாவின் 'மாதிரித்தான்' அந்த நாட்டிலேயே இப்பொழுது கேள்விக்குள்ளாகியிருக்கின்றது.

'இன்ன நோயென்று தீர்மானிக்கப்படாத நோயாளி' என்ற அந்தத் தொடரிலேதான் இரு தொழில்களையும் பிரிக்கும் எல்லை கிடக்கின்றது. இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

மாசி, பங்குனி மாதங்களில், பெரும்போக அறுவடைக் காலத்திலே வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டுகின்றது. இருட்டு, பாம்பை யாரும் காணவில்லை. விஷகடிப் பரியாரியிடம் போவதா ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று சிறிது நேரம் வீணாகி, இறுதியில் கொண்டுவந்து சேர்க்கின்றனர். முதலிற் செய்யவேண்டிய சோதனை மிக எளிது. சிறிது இரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பின் குழாயைச் சரித்துப் பார்ப்பது. இரத்தம் உறையாமல் ஓடினால், உறையும் சக்தியை விஷம் கெடுத்துவிட்டது என்பது தெளிவு. இச்சோதனையை ஒரு தாதியும் செய்யலாம், உதவியாளரும் செய்யலாம், வைத்தியர் செய்தாலும் குழாய் வேறு விடை சொல்லாது.

சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகின்றது. இலங்கையிற் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் ஆக்கப்படுவது. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையே அது முறிக்கும். தீண்டியது இந்நாட்டிற் பெருகிக் கிடக்கும் குழிவிரியனாயின் அம்மருந்தினாற் பயனில்லை. பயனில்லாததோடு நின்றுவிடுவதுமில்லை. அந்த மருந்தே பலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கி, மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் நிமிடங்களில் வீழ்த்திவிடக்கூடியது. அதற்கென அட்ரினலின் ஊசியை ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். கொடுத்தால் மருந்தாற் கேடு வரலாம். கொடாவிடில் விஷத்தாற் சிறுநீரகம் கெடலாம். கடித்த இடத்தின் தோற்றம், கண் இமை தொங்குகின்றதா, சிறுநீரின் நிறம், காலம் கடந்த அளவு, இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கி ஒருவர் 'கொடு' என்றோ 'பொறு' என்றோ சொல்லியாகவேண்டும். விளைவு எதுவாயினும் அதற்கு அவரே பொறுப்பாளி.

அந்தச் சொல்லைச் சொல்பவரே வைத்தியர். அச்சொல் வந்தவுடன் மருந்தைச் சரியான வேகத்தில் ஏற்றி, கண்ணிமைக்காமல் அருகிருந்து, முதல் நடுக்கம் தோன்றும்போதே கண்டுபிடித்து அறிவிப்பவர் உதவியாளர். இரண்டும் உயிரைக் காக்கும் வேலைகளே. இரண்டாவது வேலையைத் திறமையாகச் செய்யும் ஒருவர், முதல் வேலையைத் தயங்கித் தயங்கிச் செய்யும் வைத்தியரைவிட நோயாளிக்கு அதிகம் பயன்படுவார். ஆனால் அருகில் வைத்தியர் இல்லாத இடத்தில் உதவியாளர் உதவியாளராக இருக்க முடியாது. ஒன்றில் அவர் வைத்தியராக நடிக்கவேண்டும், அல்லது கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அப்போதிக்கரிமார் பட்ட இடர் இதுவே.

டெங்குக் காய்ச்சலும் இத்தகையதே. 2017இல் மாத்திரம் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் அதனாற் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. காய்ச்சல் இறங்கியதும் சுகம் வந்துவிட்டதென்று வீட்டார் மகிழும் வேளையே பலருக்கு அபாய வேளை. இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் வீழத் தொடங்குவது அப்பொழுதுதான். சாதாரணக் காய்ச்சல்களுக்கு இடையே அந்த ஒன்றை இனங்காண்பதற்கே மருத்துவ பீடத்தில் ஐந்து ஆண்டுகள் செலவிடப்படுகின்றன. அடிக்கடி வரும் நோய்களைக் கற்பதற்கு அத்தனை காலம் வேண்டியதில்லை.

அந்த ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் வழி குறுகியது என்பது உண்மை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றிலும் பெற்ற புள்ளிகளை இசட் புள்ளியாக மாற்றி, இடங்களில் நூற்றுக்கு நாற்பதை நாடளாவிய தகுதியாலும், ஐம்பத்தைந்தை மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய ஐந்தைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிர்கின்றனர். ஐந்தாண்டுப் படிப்பு, உள்ளகப் பயிற்சிக்கான காத்திருப்பு, ஓராண்டுப் பயிற்சி என்று கூட்டினால், முழுப் பதிவு பெறும்போது வயது இருபத்தேழை அணுகிவிடும். ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லை. காணியை ஈடு வைக்க வேண்டியதில்லை. முன்னர் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று தூரம் போகவேண்டியிருந்தது. 2000களின் நடுப்பகுதியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பு நகரிலேயே அமைந்துவிட்டதனால், பாசிக்குடாப் பிள்ளை பஸ் ஏறிப்போகும் தூரத்தில் வைத்தியராகலாம். பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதும் மறக்கத்தக்கதன்று. முதல் தடவையிற் சிறிதளவு குறைந்தவர் இரண்டாம் தடவை முயல்வது வீண்முயற்சி ஆகாது. மூன்று தடவையும் பெருமளவு குறைந்த பிள்ளையை நான்காவது கனவுக்குத் தள்ளுவது பெற்றோர் செய்யும் கொடுமை.

சென்னைப் படிப்பை விரும்புவோர் பணங்கட்டு முன்னர் அறியவேண்டியது ஒன்றுண்டு. வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர், இலங்கை மருத்துவச் சபையின் பதிவுப் பரீட்சையிற் சித்தியடைந்து இங்கு வைத்தியராகலாம். பிசிஷன் அசிஸ்டன்ட் என்ற பெயரில் அச்சபையிடம் பதிவேடே இல்லை. ஆகவே அப்பட்டத்தோடு வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குத் திரும்பி வருபவர் அமர்வதற்குக் கதிரையும் இல்லை. அமெரிக்காவுக்குப் போகலாம் என்று முகவர் சொல்வதும் அவ்வாறே. அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியிற் பயின்றவர்க்கே அந்தத் தேர்வு எழுத உரிமை உண்டு. இந்தியாவிலேயே தங்கி, பெரிய ஆஸ்பத்திரியிற் பணிபுரிய ஆயத்தமானவர்க்கு மாத்திரமே அது சரியான தெரிவு.

நோயாளியின் அருகிருக்கும் பணியே மனத்துக்கு உகந்ததென்று கருதும் பிள்ளைக்கு அது மட்டக்களப்பிலேயே உண்டு. தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமாவும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியற் பட்டப்படிப்பும் நடைபெறுகின்றன. பயிற்சிக் கல்லூரியிற் சேர்வோருக்குப் பயிற்சிக் காலத்திலேயே மாதக் கொடுப்பனவு உண்டு; பயிற்சி முடிந்ததும் தாதியர் சேவையில் நியமனம் பெறுவது வழக்கம். மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோருக்கும் சுகாதார அமைச்சின் பயிற்சிகள் உள. இவற்றுக்கான விண்ணப்ப அறிவித்தல்கள் அரசாங்க வர்த்தமானியில் வெளிவருகின்றன. பாடசாலை அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ கேட்டறியலாம். விண்ணப்ப முடிவுத் திகதி பெரும்பாலும் சில வாரங்களுக்குள்ளேயே வந்துவிடும்.